ஆறாவது கூடை

கான்சாஸ் சிட்டியில் இருக்கும் நண்பர் ஒருவர் டிஸ்க் கோல்ஃப் ஆடுவதென்றால் காசு கட்டித்தான் ஆடுவார். வட்டத் தட்டை எறிந்து, தொலைவில் நட்ட கூடைக்குள் எவ்வளவு குறைந்த எறிகளில் விழ வைக்கிறோம் என்பதே இந்த ஆட்டம். தனியார் நிலம், பதினெட்டுக் கூடைகள், ஒவ்வொன்றும் கண்ணுக்கெட்டாத தூரத்தில். அங்கே நாயைக் கூட்டிக்கொண்டு யாரும் குறுக்கே வரமாட்டார்கள். முன்பதிவு செய்த நேரத்துக்குப் போனால் முன்னால் யாரும் தேங்கி நிற்பதும் இல்லை. நான் அமெரிக்காவில் நாங்கள் வாழும் சிற்றூரின் பூங்காவில் இருக்கும் ஒன்பது கூடைகளோடு திருப்தியாக இருக்கிறேன் என்று சொன்னபோது, "அது ஊஞ்சலுக்குப் பக்கத்தில் நட்டு வைத்திருக்கும் பிள்ளைகள் சாமான்தானே" என்றார். எனக்குப் பதில் தெரியாமல் இல்லை. ஆனால் சொல்லத் தொடங்கினால் என் கட்சிக்கு எதிராகவே ஒரு சாட்சி எழுந்து நிற்கிறது. அந்தச் சாட்சியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

நண்பர் சொல்வதை வெறும் பவிசு என்று தள்ளிவிடவும் முடியாது. இன்றைய தொழில்முறை ஆட்டக்காரர்கள் நூற்றிருபது மீட்டர் தூரத்தைச் சாதாரணமாக எறிகிறார்கள். எழுபது மீட்டரில் கூடை நட்ட பழைய பூங்கா மைதானங்கள் அவர்களுக்குப் பயிற்சிக்குக்கூடப் போதாது. எனவே புதிதாக வரும் நல்ல மைதானங்கள் மெல்ல மெல்லப் பூங்காவை விட்டு வெளியேறி, பண்ணை நிலங்களுக்கும் காடுகளுக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. அங்கே வாசலில் கட்டணம். ஆட்டத்துக்கு அது நல்லதுதான் என்று பலர் சொல்கிறார்கள். இருக்கலாம்.

ஆனால் இந்த ஆட்டம் பிறந்ததே பொதுப் பூங்காவில்தான். எட் ஹெட்ரிக் 1975இல் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார். முதலில் வெறும் கம்பங்கள்தான். டிஸ்க் கம்பத்தில் பட்டதா இல்லையா என்று ஓயாத தகராறு வரவே, சங்கிலி தொங்கும் கூடையை உருவாக்கினார். சங்கிலியில் மோதி உள்ளே விழுந்தால் சத்தமே சாட்சி, நடுவர் தேவையில்லை. 2002இல் அவர் இறந்த பிறகு, அவர் விருப்பப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து டிஸ்க்குகள் வார்த்தார்கள். அஸ்தியை ராமேஸ்வரம் கடலில் கரைப்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதைக் கேட்டபோது ஒரு மாதிரியாக இருந்தது. இப்போது பழகிவிட்டது. கூடைக்கு ஒரு முழம் முன்னால் என் டிஸ்க் விழும் நாட்களில், அந்த மனிதர் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறார் என்றுகூடத் தோன்றும்.

பூங்காக்களில் இது பரவியதற்குப் பெரிய தத்துவம் எதுவும் காரணமில்லை. ஒரு டென்னிஸ் தளம் போடும் செலவில் பல கூடைகள் நட்டுவிடலாம். புல்லை எப்படியும் வெட்டத்தான் போகிறார்கள். விளக்கு வேண்டாம், வலை வேண்டாம், காவலாள் வேண்டாம். வருமானம் சுருங்கிக்கொண்டே போகும் சிற்றூர்களின் நகராட்சிக்கு இதைவிட மலிவாக எதையும் திறந்து வைத்துப் படம் எடுத்துக்கொள்ள முடியாது.

எம்போரியாவும் எங்கள் ஊரும்

எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் எம்போரியா. சுமார் 24,000 பேர் வாழும் கான்சாஸ் ஊர். உலகச் சாம்பியன் போட்டி 2016இலும் 2022இலும் அங்கே நடந்தது. 2022இல் பால் மெக்பெத் சமநிலையை உடைக்கும் கூடுதல் ஆட்டம் வரை போய் வென்றார். பெண்கள் பிரிவில் எஸ்தோனியாவின் கிறிஸ்டின் தட்டார் பட்டம் வாங்கினார். அந்த ஊரில் எனக்குப் பிடித்த இடம் பீட்டர் பான் பூங்கா. ஊர்ப் பத்திரிகையான 'எம்போரியா கெஸட்'டின் ஆசிரியர் வில்லியம் ஆலன் வைட் குடும்பம் ஊருக்குக் கொடுத்த நிலம் அது. அவருடைய மகள் மேரி 1921இல், பதினாறு வயதில், குதிரையில் போகும்போது மரக்கிளையில் தலை மோதி, அந்தக் காயத்தால் இறந்துபோனாள். கதையில் வரும் பீட்டர் பான் என்ற சிறுவனைப்போல வளர்ந்து பெரியவளாக ஆசைப்படாத பெண் என்பதால் பூங்காவுக்கு அந்தப் பெயரைக் கேட்டு வாங்கினார்கள். இன்று அந்தப் புல்வெளியில் டிஸ்க்குகள் பறக்கின்றன. தன் மகளுக்காகக் கொடுத்த நிலத்தில் இரும்புக் கூடைகள் நிற்பதைப் பற்றி வைட் என்ன தலையங்கம் எழுதியிருப்பார் என்று சில நேரம் யோசிப்பேன். மனிதருக்கு எதைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் உண்டு.

எங்கள் ஊருக்கு அப்படிப்பட்ட பெருமை எதுவும் கிடையாது. தானியக் கிடங்கு, இரண்டு தேவாலயம், ஒரு பெட்ரோல் நிலையம், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இந்தப் பூங்கா. ஒன்பது கூடைகளில் நான்கு, கண்ணை மூடிக்கொண்டு ஆடக்கூடியவை. மூன்றாவதில் ஓடை குறுக்கே போகிறது. அதில் தொலைந்த டிஸ்க்குகளைக் கோடையில் தண்ணீர் வற்றும்போது பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு வந்து, பின்புறம் எழுதியிருக்கும் எண்ணுக்குப் போன் செய்வார்கள். எட்டாவதில் எப்போதும் தெற்குக் காற்று முகத்தில் அறையும். எதிர்காற்றில் டிஸ்க்கின் மூக்கு சற்றுத் தூக்கியிருந்தால் போதும், அது அப்படியே வானத்தில் ஏறி, திரும்ப நம் தலைக்கே வந்துவிடும்.

சொல்லிக்கொள்ளும்படி இருப்பது ஆறாவதுதான். எறியும் மேடையிலிருந்து கூடை எழுபத்தைந்து மீட்டர். நேராகப் போக முடியாது. ஹெட்ஜ் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. இந்த ஊர் விவசாயிகள் முள்கம்பி வேலிக்கு முந்தைய காலத்தில் வேலிக்கென்று நட்ட மரம், கிளையெல்லாம் முள். வலது கைக்காரர் புறங்கை வீச்சில் எறியும் டிஸ்க் கடிகாரச் சுற்றில் சுழன்று போய், வேகம் குறையும்போது இடப்பக்கம் சரியும். எனவே மரங்களுக்கு வலப்பக்கம் வெளியே எறிந்து, கடைசியில் அது தானாகத் திரும்பி உள்ளே வரும்படி விட வேண்டும். அந்த வலப்பக்கத்தில் ஒரு பெரிய காட்டன்வுட் மரம் நிற்கிறது. வேலி மரங்களுக்கும் காட்டன்வுட்டுக்கும் நடுவே, ஒரு லாரி நுழையும் அளவுக்கு இடைவெளி. அதற்குள் டிஸ்க் புகுந்து, ஒரு கணம் நின்றதுபோலத் தயங்கி, இடப்பக்கம் சாய்ந்து கூடையை நோக்கி இறங்கும்போது, அதை எறிந்தது நான்தானா என்று எனக்கே சந்தேகம் வரும். இடைவெளி தவறினால் காட்டன்வுட்டின் அடியில் விழும். காட்டன்வுட்டின் அடியில் ஒரு பெஞ்சு இருக்கிறது.

பெஞ்சில் உட்கார்ந்தவர்

சென்ற ஆண்டு கோடை தொடங்கி அக்டோபர் முடியும் வரை அம்மா எங்களோடு இருந்தார். கோவில்பட்டியில் காலையும் மாலையும் தெருவில் நடந்து பழகியவர். இங்கே தெருவில் மனித நடமாட்டமே இல்லை என்பது அவருக்குப் பெரிய குறை. பூங்காதான் ஒரே போக்கிடம். வலது முழங்காலில் தேய்மானம். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து அவரால் ஒரே மூச்சில் போக முடிந்த தூரம் அந்தக் காட்டன்வுட் பெஞ்சு வரைதான். யாரோ ஒரு பாட்டியின் நினைவாகப் பிள்ளைகள் போட்டுக் கொடுத்த பெஞ்சு. சாய்மானத்தில் சின்னதாகப் பித்தளைத் தகடு. அம்மா சேலைக்கு மேல் என் மகனுடைய பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்துவிடுவார்.

ஆறாவது கூடையை நான் அதுவரை ஒரு முனையிலிருந்து மட்டுமே பார்த்திருந்தேன். மேடையில் நின்று பார்த்தால் பெஞ்சில் இருப்பவர் ஒரு தடை. விதிப் புத்தகத்தில் 'மரியாதை' என்ற தலைப்பின் கீழேயே இது இருக்கிறது: யாருக்கும் ஆபத்து வராது என்று உறுதியாகத் தெரியும் வரை எறியக் கூடாது. நூற்றெழுபது கிராம் எடை, கூர்மையான விளிம்பு, சாதாரண ஆட்டக்காரர் எறிந்தாலே மணிக்கு எண்பது கிலோமீட்டரைத் தொடக்கூடிய வேகம். நெற்றியில் பட்டால் தையல் நிச்சயம். ஆகவே காத்திருப்போம், அல்லது கையை ஆட்டுவோம். பெரும்பாலானவர்கள் புரிந்துகொண்டு எழுந்து போய்விடுவார்கள். நாமும் நன்றி என்று கை தூக்கிவிட்டு எறிவோம். மிக நாகரிகமாக நடந்துகொண்டதாக நினைப்பும் வரும்.

அன்று நான் அம்மாவோடு பெஞ்சில் இருந்தேன். அக்டோபர் மாதம், வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. தொலைவில் மேடையில் ஒருவர் வந்து நின்றார். எனக்குத் தெரிந்தவர்தான், பக்கத்து ஊர் மருத்துவமனையில் இரவுப் பணி. கையை ஆட்டினார். நான் பதிலுக்கு ஆட்டினேன். அவர் எறியவில்லை, நகரவும் இல்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏன் அந்த ஆள் நம்மையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்?" என்றார் அம்மா.

விளக்கினேன். கூடை, மரம், இடைவெளி எல்லாவற்றையும் காட்டினேன். நாம் எழுந்து அந்தப் பக்கம் போனால் எறிந்துவிட்டுப் போய்விடுவார் என்றேன். அம்மா கூடையையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

"பெஞ்சு உட்காரத்தானே போட்டிருக்கிறது?"

"ஆமாம் அம்மா, ஆனால் அவரும் ஆடத்தானே வந்திருக்கிறார்."

"ஆடட்டும். உங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் நீங்கள் எல்லோரும் ஆடினீர்களே. எங்கள் தெருப் பெண்கள் ரேஷன் கடைக்கு அந்த மைதானத்தைச் சுற்றிக்கொண்டு, கால் மைல் அதிகம் நடந்துதான் போவோம். ஒருநாள்கூட நடுவில் போனது கிடையாது. உனக்கு அது தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அந்த மைதானத்தைப் பற்றி என்னிடம் எப்போதும் ஒரு பெருமைக் கதை இருந்தது. இந்த ஊர் ஆட்டக்காரர்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒரே மைதானத்தில் ஏழெட்டு கிரிக்கெட் ஆட்டங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. ஓர் ஆட்டத்தின் விக்கெட் கீப்பருக்குப் பின்னால் இன்னோர் ஆட்டத்தின் பந்து வீச்சாளர் ஓடி வருவான். எங்கள் பந்து அடுத்த ஆட்டத்துக்குள் போனால் அவர்களே எடுத்து எறிவார்கள். யாரும் யாருக்காகவும் நிற்க மாட்டோம், அப்படியும் எல்லாம் நடக்கும், நீங்கள் என்னவென்றால் ஒரு குழந்தை குறுக்கே வந்தால் சிலையாகி நிற்கிறீர்கள் என்று கேலி செய்திருக்கிறேன். நாங்கள் யாருக்காக நிற்க வேண்டியிருந்திருக்குமோ அவர்கள் யாரும் அந்தப் பக்கமே வரவில்லை என்பது அந்தக் கதையில் இல்லை. பக்கத்துத் தெருவில் பையை இடுக்கிக்கொண்டு சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

கான்சாஸ் சிட்டி நண்பருக்கான பதில் அந்தப் பெஞ்சில்தான் எனக்குக் கிடைத்தது. அவருடைய மைதானத்தில் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். வாசலில் வாங்கும் கட்டணம் அதற்குத்தான். எங்கள் ஒன்பது கூடையில் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்றால், ஊரில் வேறு யாரோ வீட்டைவிட்டு வெளியே வந்திருக்கிறார்கள் என்று பொருள். தூரம் குறைவு, மரம் குறைவு என்பதெல்லாம் சரி. ஆனால் பிறந்தநாள் விருந்து, நாய், சைக்கிள், முழங்கால் வலிக்காரர் ஆகியோருக்கு நடுவே எப்போது எறியலாம், எப்போது கூடாது என்று கணிப்பதும் இந்த ஆட்டத்தில் ஒரு திறமைதான். சாம்பியன்களுக்குக் கயிறு கட்டி, ஆட்களை நிறுத்தி, அந்தக் கணிப்பை எடுத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அவர்களுடைய மைதானம் அந்த அளவுக்கு எளிதாகிவிடுகிறது.

அன்று மேடையில் இருந்தவர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, டிஸ்க்கைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஏழாவதுக்குப் போகாமல் நேராக வண்டிக்கே போய்விட்டார்.

எதிர்க்கட்சி

இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு நிம்மதி. அடுத்த வாரம் வண்டி நிறுத்துமிடத்தில் அவரே என்னிடம் வந்தார். கோபமாக இல்லை; அதுதான் கஷ்டமாக இருந்தது.

"உங்கள் அம்மா மேல் எனக்கு ஒன்றும் வருத்தம் கிடையாது. ஆனால் என் கணக்கையும் கேளுங்கள்" என்றார். இரவு ஏழு மணிக்குப் பணி. பகலெல்லாம் தூக்கம். ஐந்துக்குப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. ஐந்தரைக்கு இங்கே வந்தால் ஆறேகாலுக்குக் கிளம்ப வேண்டும். ஒன்பது கூடையைத் தனியாக ஆடச் சரியாக அவ்வளவு நேரம்தான் ஆகும். நவம்பரில் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டால் ஐந்தரைக்கு இருட்டு. அதற்குப் பிறகு மார்ச் வரைக்கும் அவருக்கு வாரத்தில் ஒருநாள் கிடைத்தால் பெரிது. "பூங்கா எல்லோருக்கும் பொது என்கிறீர்கள். பகல் முழுவதும் சும்மா இருப்பவருக்கும், முக்கால் மணி நேரம் மட்டும் இருப்பவருக்கும் எப்படிப் பொதுவாகும்?"

ஆறாவதை விட்டுவிட்டு எட்டுக் கூடை ஆடலாமே என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "எட்டுக் கூடை ஆடியதை எந்தக் கணக்கில் எழுதுவது?"

இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளக் கூடாது என்பது ஆடுகிறவர்களுக்குத் தெரியும். ஒருவர் ஆண்டுக்கணக்கில் ஒரே மைதானத்தில், ஒரே கூடைகளோடு, தன் பழைய எண்ணைக் குறைக்கத் தானே போராடிக்கொண்டிருக்கிறார். எதிராளி கிடையாது, பரிசு கிடையாது, பார்க்க ஆள் கிடையாது. தொடர்ச்சி ஒன்றுதான் அதில் இருப்பது. இரவெல்லாம் பிறருடைய நோயைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதருக்கு அந்த எண் என்னவாக இருக்கும் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? அம்மாவுக்கு வேறு பெஞ்சு எட்டாது. இவருக்கு வேறு நேரம் வாய்க்காது. இருவரில் யாரும் கேட்கக் கூடாததைக் கேட்கவில்லை. பூங்காவின் நன்மை என்று நான் கொண்டாடிய காத்திருப்புக்கு விலை கொடுக்கிறவர் நான் இல்லை, அவர். எனக்குச் சனி, ஞாயிறு முழுவதும் இருக்கிறது.

வழி ஒன்று இருக்கத்தான் செய்தது. டிஸ்க் கோல்ஃப் கூடையைப் பூமியோடு சேர்த்துக் காரை பூசுவதில்லை. ஓர் இரும்புக் குழாயைக் கான்கிரீட்டில் பதித்து, அதற்குள் கூடையின் தண்டைச் செருகிப் பூட்டுப் போடுவார்கள். இன்னோரிடத்தில் இன்னொரு குழாயைப் பதித்துவிட்டால், பூட்டைத் திறந்து கூடையைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே செருகலாம். பல மைதானங்களில் ஒரே கூடைக்கு இரண்டு மூன்று இடம் உண்டு. சிலர் பெஞ்சை நகர்த்தலாம் என்றார்கள். நினைவுத் தகடு இருப்பதால் அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. இந்த வசந்த காலத்தில், அனுமதி வாங்கிய பிறகு, ஆடுகிறவர்களே சேர்ந்து வேலி மரங்களுக்கு இடப்பக்கம், ஓடையை ஒட்டிக் குழி வெட்டினோம். அவர்தான் சிமெண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்; இரவுப் பணி முடிந்து தூங்காமல் நேராக வந்திருந்தார். கான்கிரீட் இறுகும் வரை சில நாட்கள் விட்டு, கூடையை மாற்றினோம்.

இப்போது ஆறாவது கூடைக்கும் பெஞ்சுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டாம். புதிய வழியில் மரம் எதுவும் குறுக்கே இல்லை. நேராக எறிந்தால் நேராகப் போய் விழுகிறது. எல்லோரும் இரண்டாவது எறியில் சங்கிலியைத் தொட்டுவிட்டு நகர்கிறோம். ஒன்பதில் ஐந்து இப்போது கண்ணை மூடிக்கொண்டு ஆடக்கூடியவை. அம்மா ஊருக்குப் போய்விட்டார். பெஞ்சில் அநேகமாக யாரும் இருப்பதில்லை.

குளிர்காலத்தில் எப்படியும் ஒருவரும் உட்காரப் போவதில்லை, நவம்பர் முதல் மார்ச் வரை கூடையைப் பழைய இடத்துக்கே மாற்றி வைக்கலாம் என்று போன வாரம் நான் சொன்னேன். மற்றவர்கள் சரி என்றார்கள். அவர் மட்டும் ஒப்பவில்லை. புதிய இடத்தில் அவருடைய கணக்கு ஒன்று குறைந்திருக்கிறதாம்.